கயலுக்கு யார் மாப்பிள்ளை?

"கயலை கிரேன் ஆபரேட்டர் தாசுக்குக் கட்டிவைத்தது என் தப்பு. வக்கீல் எட்வினுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்."

கயலை நாயகியாக வைத்து எழுதிய தொடர்கதை முடிந்து ஒரு வருடம் கழித்து, எழுத்தாளர் கடலரசி வாரப் பத்திரிகைப் பேட்டியில் இப்படிச் சொல்லிவிட, துறைமுகக் கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது.

"அந்தம்மா கரெக்டாத்தான் சொல்லிக்கீது," என்றான் பாரி. "தாசெல்லாம் ஒரு ஆளா? பொண்டாட்டி பேசினா காதுலயே வாங்கமாட்டான்."

கிரேனிலிருந்து இறங்கி வந்திருந்த அருள்நாதன் டீ கிளாசை டக்கென்று வைத்தார். "ஷிப்ட் முடிச்சிட்டு வர்றவனுக்கு அசதி இருக்காதா? வக்கீலு மட்டும் இன்னா, பாத்திரம் தேச்சிக் குடுப்பானா?"

"கல்யாண நாளையே மறந்துட்டான், அண்ணாத்தே!"

"அது ஒரு தபாதான்! மறுநாளே பிரியாணி வாங்கினு போய், கால்ல வுயாத கொறையா கெஞ்சினானே!"

"பிரியாணியா? அது கதையிலயே இல்லியே!"

அருள்நாதன் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மாலையில் மல்லிகைப்பூவோடு ராயபுரம் வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து, எழுதிக்கொண்டிருந்த மனைவி பேனாவை மூடினாள்.

"பேட்டியப் படிச்சிட்டீங்களா?"

"ஏன் ஜானட், அந்த பிரியாணிய மட்டும் ஏன் எழுதாம வுட்ட?"

"அடுத்த பதிப்புல சேக்கலாம். மொதல்ல அந்தப் பாத்திரத்தத் தேச்சிட்டு வாங்க."