பழைய டிஸ்க்கே வேணும்

"இந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியே புது லேப்டாப்ல ஓடணும். முடியுமா, முடியாதா?"

மீனாக்ஷி கேட்ட கேள்வியில் ஷபானாவுக்குச் சிரிப்பு வந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் அவள்.

"எதுக்கு சேச்சி? போட்டோ எல்லாம்தான் காப்பி பண்ணியாச்சே."

"அதுல எங்க மாமனாரோட செஸ் இருக்கு."

"புதுசுலயும் செஸ் இருக்குமே!"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனார் வெங்கிடேஸ்வரன் சீறினார். "அது கள்ள ஆட்டம் ஆடறது! என்னையே தோக்கடிக்கறது!"

"கேட்டியா? நேத்திலேர்ந்து இதே புலம்பல். செஸ் இல்லேன்னா டி.வி. முன்னால வந்து உட்கார்ந்துடறார். நான் சீரியல் பார்க்க வேண்டாமா?"

வயசானவரைத் தள்ளி உட்கார வைக்க இவ்வளவு பாடா என்று ஷபானாவுக்குத் தோன்றியது.

பழைய டிஸ்க்கைச் சின்னப் பெட்டி ஒன்றில் பொருத்தி, கேபிளால் லேப்டாப்போடு இணைத்தாள். கறுப்புத் திரை. செட்டிங்கை மாற்றினாள். மறுபடியும் கறுப்புத் திரை. இன்னொன்றை மாற்றினாள்.

பழைய கம்ப்யூட்டர் புது லேப்டாப்புக்குள் கண் விழித்தது!

வெங்கிடேஸ்வரன் அங்கேயே ஓர் ஆட்டம் ஆடினார். கொஞ்ச நேரத்தில் மேஜையைத் தட்டினார்.

"செக் மேட்! பார்த்தியாடீ? கெட்டுப்போனது மெஷின்தான், என் மூளை இல்லை! சீரியல் பார்க்கற உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போறது?"

"புரியலை அப்பா, புரியலை. போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்கோ."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார். ஷபானா திரையைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள்.

"சேச்சி, இது ஒண்ணாம் லெவல்ல கிடக்கு. சின்னக் குழந்தைங்க ஆடறது. ஏத்தி விடட்டா?"

"ஐயோ, தொடாதே!" மீனாக்ஷி வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடி பத்தாம் லெவல்ல ஆடிண்டிருந்தார். அப்புறம் தோத்துப் போய் முகம் வாடறப்போல்லாம், அவருக்குத் தெரியாம நான்தான் ஒவ்வொண்ணா இறக்கினேன். புதுசுல லெவல் கொட்டை எழுத்துல மேலேயே தெரியறது, கண்டுபிடிச்சுடுவார்."

ஷபானா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

மீனாக்ஷி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, இந்த ஒண்ணுக்கும் கீழே ஒரு லெவல் போட்டுத் தர முடியுமா?"