அழுத கஞ்சிரா

திருவண்ணாமலை மலையில் அழிந்துபோன காட்டு உயிர்களுக்காக ஒரு புதுமாதிரி இசை ஒப்பாரியைத் தயாரித்துக்கொண்டிருந்தார் சரவணகுமார். அதில் ராகமும் இல்லை, பாட்டும் இல்லை. காய்ந்த சருகு, தகர டப்பா, ஒரு கஞ்சிரா, அவ்வளவுதான். அந்தக் கஞ்சிராதான் அவர் உயிரை வாங்கியது.

"இது சிரிக்குதுங்க. எனக்கு இது அழணும்," என்று ஆட்டுத்தோல் கஞ்சிராவைத் திருப்பிக் கொடுத்தார்.

வாத்தியம் செய்யும் வேணு தலையைச் சொறிந்தார். "அழணும்னா ஒரிஜினல் தோல்தான் போடணும். இப்பல்லாம் அது கிடைக்கிறதே இல்லைங்க."

"எங்க இருந்தாலும் தேடிக் கொண்டாங்க. அந்த ஜீவனுங்களுக்காக இதுகூடச் செய்யலைன்னா நாம என்ன மனுஷங்க?"

வேணு ஆள் வைத்துத் தேடி, எப்படியோ கொண்டுவந்து கட்டிக் கொடுத்துவிட்டார்.

வேங்கிக்கால் மண்டபத்தில் நிகழ்ச்சி. சருகு சலசலத்தது, டப்பா முனகியது, கஞ்சிரா விம்மி விம்மி அழுதது. சிறப்பு விருந்தினராக வந்திருந்த வனத்துறை ரேஞ்சர் அறிவுமதி கர்சீப்பை எடுத்தவர் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

முடிந்ததும் நேரே மேடைக்கு வந்தார். "இந்த மலையில உடும்பே இல்லைன்னு ரிப்போர்ட் எழுதினப்பகூட நான் அழலைங்க. இன்னைக்கு அழ வச்சிட்டீங்க. எப்படிங்க இது?"

சரவணகுமார் அடக்கமாகக் கஞ்சிராவை அவர் கையில் கொடுத்தார்.

"என் திறமை ஒண்ணும் இல்லை மேடம். உங்க ரிப்போர்ட்டுலதான் சின்னத் தப்பு. மலையில ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதோட தோல்தான் இது."