மிச்சப் பாடம்

"என் மகளோட தலையெழுத்த மணிக்கு எண்ணூறு ரூபாய்க்குப் பேசி முடிச்சேன். நல்லா மாத்தி எழுதிக் குடுத்துட்டுத்தான் சேர் நீங்க போகணும்!"

பிலிமத்தலாவைத் துணிக்கடைக்காரர் பெரியதம்பி சிரித்தார். மனைவி சீதா அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். சிரிப்பு அணைந்தது.

ஆங்கில ஆசிரியர் கிருஷ்ணராஜ் கவனிக்கவில்லை. மேசைக்கு எதிரே மகள் யசோதினி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் லண்டன் படிப்புக்கான விசா நேர்முகம். போன தடவை வாய் குழறித் தோற்றவள். இதுவும் போனால் இடம் போய்விடும்.

"'கம் பேக்'. எங்க, அர்த்தம் சொல்லு."

"திரும்பி வாரது, சேர்."

"அது ஒண்ணுதானா? மறந்துபோன பாட்டு திடீர்னு ஞாபகம் வந்தா? அதுவும் கம் பேக். யாராவது ஏசினா சுடச்சுடப் பதில் குடுக்கிறியே, அதுவும்தான். உங்கப்பா கடையில தூங்குற பெல்பாட்டம் மறுபடி பேஷனானா?"

"அதுவும் கம் பேக்."

"வரட்டும் சேர், அதுக்காகத்தானே வெலயக் கொறைக்காம..." பெரியதம்பியின் குரல் பாதியில் கம்மியது.

"படிச்சு முடிச்சுத் திரும்பி வருவியான்னு ஆபீசர் கேப்பாரு. கண்ணப் பாத்துச் சொல்லணும். என்னப் பாரு."

அவள் பார்த்தாள். "ஐ வில்... கம் பேக்."

"இன்னொருக்கா."

குரல் நேராகும்வரை சொல்ல வைத்தார். பிறகு எழுந்தார். அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கடுகண்ணாவை மலைப் பக்கமிருந்து இறங்கிய பனிக்குள் நடந்து மறைந்தார். யாரும் வழியனுப்பவில்லை.

சீதா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"மரண வீட்டுல 'வாரேன்'னே சொல்லக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்க என்னடான்னா, பொட்டியில கெடந்த மனுசன்கிட்ட, 'மிச்சப் பாடத்துக்கு வந்துருங்க சேர்'னு சொல்லிட்டு வாரீங்க!"

"கடைப் பழக்கம்டி. வாய் தவறிருச்சு. நேத்துதான் எரிச்சாங்க, இன்னைக்கே வருவாருன்னு யாரு கண்டா?" பெரியதம்பி மகள் பக்கம் திரும்பினார். "காதுல என்னம்மா சொன்னாரு?"

"பன்னெண்டு கிளாசுக்குக் காசு வாங்கியிருக்காராம்ப்பா. உயிரோட எடுத்தது எட்டு, இன்னைக்கு ஒண்ணு. மிச்சம் மூணையும் லண்டனுக்கே வந்து எடுக்கிறாராம்."