ஒரு சொட்டும் சிந்தாதவள்

"சபையாருக்கு ஒரு மகத்தான அறிவிப்பு! நம் திருச்சபையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, கணவரை இழந்து மூன்று வாரமாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூடச் சிந்தாத சகோதரி ஒருவர் இன்று சாட்சி சொல்வார்!"

பாடகர் அறைக் கண்ணாடி முன் நின்று சபைச் செயலாளர் இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிப் பார்த்தார். 'வரலாற்றிலேயே' என்ற இடத்தில் ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. பேராயர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாகிவிட்டது.

"விசுவாசி அழக்கூடாது" என்று பதினெட்டு வருடமாகத் துக்க வீடு துக்க வீடாகப் போய்ச் சொல்லிவந்தவர் செயலாளர். சொல்லி முடிப்பதற்குள் வீட்டார் ஓவென்று அழுதுவிடுவார்கள். இன்றுதான் அவருடைய பேச்சுக்கு உயிருள்ள ஆதாரம் ஒன்று கிடைத்திருந்தது.

ஆதாரம், மடியில் கைப்பையோடு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுத்த தையல்காரரின் மனைவி. கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. கை மெல்லப் பைக்குள் போயிற்று.

செயலாளர் பாய்ந்து வந்தார். "கைக்குட்டையா? வேண்டாம்மா! பேராயர் வந்திருக்காரு. இன்னும் அரைமணி நேரம் பல்லைக் கடிச்சுக்குங்க, நம்ம மானம் உங்க கையில இருக்கு."

"அழல சார், எரியுது. அதைத்தான் அன்னைக்கே உங்ககிட்ட சொல்ல வந்தேன்..."

"எல்லாத்தையும் மேடையில சொல்லுங்க. இங்கயே கொட்டிட்டா அங்க சூடு இருக்காது."

"ஏன் சார், லாசரு செத்தப்ப இயேசுவே அழுதாரே?"

"அழுதாரு. அப்புறம் அவனை எழுப்பிட்டாரு இல்ல? நம்மால எழுப்ப முடியுமா? முடியாதுல்ல? அப்ப அழவும் கூடாது."

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியே பாடகர் குழு அங்கி அணிந்து வரிசைகட்டி நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

"இருபத்தாறு அங்கி சார். ஒரு விளிம்பு கோணியிருக்கா பாருங்க. அவர் ஊசியில நூலை ரெண்டாம் தடவை நுழைச்சு நான் பார்த்ததே இல்ல. அப்படிக் கை அவருக்கு! என் கை மாதிரியா, எந்நேரமும் ஆடிக்கிட்டு?"

"அருமை, அருமை. இதே பெருமையோட வாங்க. உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் மேடையிலயே கேளுங்க, நானே செஞ்சு தரேன்." பேராயர் காதில் விழுந்தால் நல்லதுதானே.

மேடையில் வரலாறு, விரல் எல்லாம் பிசகாமல் நடந்தேறின. பேராயர் தலையை ஆட்டினார். மைக் அவள் கைக்குப் போனது.

"செயலாளர் சொன்னது நெசம், நான் அழல. அந்த மனுசனுக்காக ஒரு தடவையாவது அழணும்னு ஆசைதான். முடியல. ஏழு வருசமா என் கண்ணுல தண்ணி சுரக்கிறதில்ல." சபையில் தலைகள் குனிந்தன. அவள் தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. "காலையிலயும் ராத்திரியிலயும் அவர்தான் மருந்து விடுவாரு. ஒரு நாள் மறந்ததில்ல. ஒரு சொட்டு வெளிய விழுந்ததில்ல. அப்படிக் கை. இப்ப விட ஆளில்ல. சார்தான் உதவி கேட்கச் சொன்னாரு."

பைக்குள்ளிருந்து சின்னப் புட்டி ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள்.

புட்டியின் மேல் 'செயற்கைக் கண்ணீர்' என்று எழுதியிருந்தது. பேராயர் பார்த்துக்கொண்டிருக்க, செயலாளர் அவள் கண் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு விட்டார். நான்கும் கன்னத்தில்தான் விழுந்தன.