மாடிப்படிக்கு அடியில்

"கண்ணை இறுக்காதீங்க. சும்மா மூடியிருந்தாப் போதும்," என்றார் டாக்டரம்மா.

பஸ் டிரைவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். மூடிய இமை மேல் ஜில்லென்று ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை மெல்ல நகர்த்தினார் டாக்டர். கொஞ்ச நாளாகவே அந்த வலது கண் சிவந்துபோய், எதைப் பார்த்தாலும் ஒரே புகைமூட்டம். பார்வை போனால் ஸ்டியரிங்கும் போய்விடும் என்ற பயத்தில் மனிதருக்குச் சோறே இறங்கவில்லை.

கண்ணின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கட்டி திரையில் தெரிந்தது. புழுவால் வந்த அழற்சியாக இருக்கலாம், வேறு பொல்லாத கட்டியாகவும் இருக்கலாம், படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

"வீட்டுல நாய்க்குட்டி ஏதாவது இருக்கா?"

"நாயா? எங்க வீட்டுப் படியேறாது," என்று முந்திக்கொண்டாள் பக்கத்தில் நின்ற மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து நாய் என்று பேச்செடுத்தாலே வீடு இரண்டுபட்டுவிடும். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத்தான் டிரைவர் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டியை வளர்த்து வந்தார். சொன்னால் குட்டி தெருவுக்குப் போகும். சொல்லாவிட்டால் கண் போகும்.

வேலை முடிந்து வரும்போதெல்லாம் அது ஓடிவந்து கையை நக்குவது நினைவுக்கு வந்தது.

"இருக்கு டாக்டர். மாடிப்படிக்கு அடியில சாக்கு விரிச்சு வெச்சிருக்கேன். இவளுக்குத் தெரியாது."

மனைவி பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் சிரித்துவிட்டார். அப்படியானால் அநேகமாகப் புழுதான், ரத்தத்தையும் பார்த்துவிடலாம், சிகிச்சை எடுத்தால் வண்டி ஓட்டலாம் என்றார். குட்டியின் கழிவிலிருந்து கை வழியாக வாய்க்குப் போன புழுமுட்டை செய்த வேலை இது. குட்டியை விரட்ட வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழு மாத்திரை கொடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

போன உயிர் திரும்பி வந்தது டிரைவருக்கு. வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் பாக்கி.

மனைவி தொண்டையைச் செருமினாள்.

"மாத்திரை சரிப்படாது டாக்டர், துப்பிடுவான். தண்ணி மருந்துன்னா, தினமும் நான் வெக்கிற பால்லயே கலந்து வெச்சுடுவேன்."