ஓரம் வெட்டிய படம்

"நீங்க அந்த மெத்தை நாற்காலியில உக்காருங்க சார். அனிதா கம்ப்யூட்டர்கிட்ட இருக்கட்டும். நான் இங்க இருந்துக்கறேன்" என்று சொல்லி, பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களுக்கான ஸ்டூலில் அமர்ந்தார் அடைக்கலராஜ். கடலூர் முதுநகரில் அவருடைய ஸ்டுடியோ அது. வாசல் பெஞ்சில் தெருவைப் பார்த்தபடி சவரியம்மாள் இருந்தாள்.

மெத்தை நாற்காலியில் இருந்த சேரன், சென்னையில் ஒரு நிவாரண அறக்கட்டளையின் மேலாளர்.

"இந்தம்மா யாரு?"

"நம்ம தெருதான். சாட்சிக்கு வந்திருக்காங்க."

சேரன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையிலிருந்து சிடியை எடுத்தார். "எங்க காலண்டர்ல போட்ட படத்தோட ஃபைல் இது. சுனாமி அன்னிக்கு எங்க ஆள்தான் எடுத்தார்னு ஆபீஸ்ல பதிவாகியிருக்கு. வர்ற டிசம்பரோட ஏழு வருசம் ஆவுது, ஊர் ஊருக்குப் போஸ்டர் ஒட்டப் போறோம். ஆளாளுக்குப் போன் பண்ணி ஏதாச்சும் சொல்றாங்க. படத்துக்குச் சொந்தக்காரர் யாருன்னு நிரூபிக்கட்டும், அவர் சொல்றபடி கேக்கறோம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்."

"அந்த வார்த்தை போதும் சார்" என்றார் அடைக்கலராஜ்.

சுனாமியன்று அவரே எடுத்து, யாருக்கும் அச்சிட்டுக் கொடுக்காத படம் அது. சிதம்பரத்தில் எம்.இ. படித்தபோது அனிதா, சித்தப்பாவின் கம்ப்யூட்டரிலிருந்து தன் ஆராய்ச்சிக்கு அதை எடுத்துக்கொண்டு போனாள். மாதிரிக்கென்று தன் இணையப் பக்கத்திலும் போட்டாள். அங்கிருந்துதான் அது கிளம்பிப் போயிருந்தது.

சிடி சுழன்றது. திரையில் நுரை, மணல், பிள்ளையோடு ஒரு பெண். சவரியம்மாள் திரும்பவில்லை.

"பாத்தாலே நெஞ்ச அடைக்குது. இதப் பாத்துட்டு உதவாதவங்களே இல்ல" என்றார் சேரன்.

"கீழ உங்க பேரு போட்டிருந்தேன் சித்தப்பா. ஓரத்தையே வெட்டிட்டாங்க."

"அப்புறம் என்னத்தம்மா நிரூபிக்கப் போற?"

"மேல போட்ட பேரத்தான் சார் வெட்ட முடியும். படத்துல இருக்கற புள்ளிங்களோட நிறத்த, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஏத்தி எறக்கி, ஸ்டுடியோ முத்திரைய உள்ள பூரா பரப்பி வச்சிருக்கேன்."

"ரூபா நோட்டுல இருக்குமே, அந்த மாதிரியா?"

"ஆமா சார், வாட்டர்மார்க்தான். ஆனா இது வெளிச்சத்துல புடிச்சாலும் தெரியாது. நுரையும் மணலும் ஜாஸ்தி இருந்தா நல்லா ஒளிஞ்சிக்கும். அதுக்காகத்தான் இந்தப் படத்தத் தேர்ந்தெடுத்தேன்." அவள் குரல் இறங்கியது. "தொடாமலே இருந்திருக்கலாம்."

"அத இப்பப் பேசாத. முத்திரைய வெளிய கொண்டு வர்ற உன் ரகசிய எண்ணப் போடு" என்றார் அடைக்கலராஜ்.

போட்டாள். திரையில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதில் உப்பைத் தூவியது போல வெறும் புள்ளிகள்.

சேரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கெளம்பட்டுமா? எனக்கு பஸ் இருக்கு."

"இருங்க சார். படத்த சின்னதாக்கியிருக்காங்க. பழைய அளவுக்குக் கொண்டு வரணும்."

அடைக்கலராஜ் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் கட்டம். புள்ளிகள் மெல்லச் சேர்ந்தன. முதலில் ஒரு படகு, அதன்மேல் ஒரு கேமரா. கீழே, இரண்டு எழுத்துகள் அரித்துப்போய், 'அடைக்கலம் ஸ்டுடியோ, முதுநகர்'.

"எங்க ஃபைலுக்குள்ளயேவா இருந்துச்சு இது?"

"என் பக்கத்துலேருந்து நீங்க எடுத்த நாள்லேருந்தே இருக்கு சார்."

சேரன் எழுந்து கைகூப்பினார். "தப்புதான். வர்ற போஸ்டர்ல உங்க பேரப் பெருசாப் போட்டுடறேன். ஒரு தொகையும் தரச் சொல்றேன். உங்களுக்கு என்ன வேணுமோ எழுதி, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிடுங்க. நீங்க எழுதறதுதான் முடிவு."

அவர் போனதும் அடைக்கலராஜ் வெள்ளைத்தாளை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பழகியபடி இடது ஓரத்தை மடித்துக்கொண்டு எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள் எதையும் விடவில்லை.

"வாசிங்க தம்பி" என்றாள் சவரியம்மாள். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

"'மேற்படி படம் எனக்குச் சொந்தமானது என்பதைத் தாங்கள் நேரில் கண்டு ஒப்புக்கொண்டீர்கள். எனக்குப் பெயரும் வேண்டாம், தொகையும் வேண்டாம். இனி அந்தப் படத்தை எங்கும், எதற்காகவும் அச்சிடக் கூடாது. படத்தில் இருப்பவர் போனில் கேட்டபோது, சொந்தக்காரர் வந்து சொல்லட்டும் என்றீர்கள். சொல்லிவிட்டேன்.'"

அனிதா உறையில் பசை தடவி ஒட்டினாள். சவரியம்மாள் எழுந்து கையை நீட்டினாள். "குடு கண்ணு, நானே அனுப்பிட்டு வந்துடறேன்."

கடல் சேலையை உருவிக்கொண்ட கோலத்தில், உயிரற்ற மகளை மார்போடு அணைத்தபடி அந்தப் படத்தில் இத்தனை வருடம் நின்றவள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தபால் ஆபீசுக்கு நடந்தாள்.