பின்பாதி

மன்னாரில் பாழடைந்து கிடந்த ஒல்லாந்தர் காலத்து வீட்டைத் தோட்டத்தோடு திருத்தி எடுத்தவள் பிலோமினா. இப்போது விற்கிறாள். பார்க்க வந்த தர்ஷிகாவுக்கு மாதுளை மரங்கள் பிடித்துக்கொண்டன.

“தனிய இருக்கப் பயமில்லையோ அக்கா?”

“என்ன பயம்? பின்னேரச் செபமாலையிலை ஒவ்வொரு செபத்துக்கும் முன்பாதியை நான் சொல்லுவன். பின்பாதியை உள்ளறையிலை சொல்லுவினம்.”

“ஆர்?”

“தெரியாது. பிழையில்லாமல் சொல்லுவினம்.”

தர்ஷிகா சிரித்தாள். வீட்டையும் வாங்கினாள்.

வீட்டுத் திறப்பைக் கையில் கொடுத்த அன்று பின்னேரம், மகளிடம் போகும் சந்தோஷத்தில் பிலோமினா ரோட்டுக்கு வந்து படலையைச் சாத்தினாள். உள்ளே தர்ஷிகா தனியே செபமாலையைத் தொடங்கினாள். பின்பாதி வந்தது. எல்லாம் பிலோமினாவுக்குப் பழகிய குரல்கள். ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. ஆமெனை இழுத்து முடிக்கும் அவளுடைய குரலேதான்.

ரோட்டில் நின்ற பிலோமினா வாயே திறக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.